ஒன்பதாம் எண் விரிப்பு

போன மாதம் எங்கள் பழைய ஆய்வுக்கூடத்திலிருந்து மூன்று பிள்ளைகள் பழனிசெட்டிபட்டியில் என் வீட்டைத் தேடி வந்தார்கள். கையில் சோப்பு டப்பா அளவில் ஒரு கருவி. பொழுது சாயும் நேரம் மொட்டை மாடியில் வைத்து அதைத் திருகினார்கள். நம் காதுக்கு எட்டாத வௌவால் சத்தத்தை அது பிடித்து, நமக்குக் கேட்கும்படி டிக் டிக்கென்று மாற்றித் தருகிறது. திரையில் கோடு கோடாக ஓடுகிறது. அந்தக் கோட்டைப் பார்த்தே இது இன்ன வௌவால் என்கிறார்கள். வலை வேண்டாம், பை வேண்டாம், கடி வாங்கவும் வேண்டாம்.

"இது எதுவுமே இல்லாம பதினாலு வருசம் எப்படிம்மா வேலை பார்த்தீங்க? எழுதிக் கொடுங்க" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நான் எழுதியதெல்லாம் எண்களும் எடைகளும்தான். இருந்தாலும் கேட்ட பிள்ளைகளுக்கு இல்லையென்று சொல்ல மனமில்லை. அதனால் எழுதுகிறேன்.

1996-ல் நான் வௌவால் வேலைக்குப் போகவில்லை. வௌவால்தான் என் தையல் கடைக்கு வந்தது. வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு ரவிக்கை, பாவாடை தைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் ஒல்லியாக, உயரமாக, முழுக்கைச் சட்டை போட்ட ஒருவர் வந்து, காடாத் துணியில் ஒரு சாண் அகலத்தில் அறுபது பை வேண்டும், வாயில் சுருக்குக் கயிறு வேண்டும் என்றார். அப்புறம் ஒன்று சொன்னார்.

"தையல் ஓரம் வெளிப்பக்கம் இருக்கணும்."

"வெளிய இருந்தா பிசிறு தெரியுமே சார். பாக்க நல்லாருக்காது."

"உள்ளே இருக்கிறவங்களுக்கு அழகு முக்கியமில்லை. நூல்ல நகம் மாட்டிக்கக் கூடாது."

"உள்ள யாரு இருக்கப் போறாக?"

"வௌவால்" என்றார் அவர், கத்தரிக்காய் என்று சொல்வது போல.

நான் சிரித்த சிரிப்பில் ஊசியில் இருந்த நூல் அறுந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. ஒரு பையை வாங்கி உள்ளே விரலை விட்டுத் தடவி, ஒரு நூல் நுனி தட்டுப்பட்டதும், "இதை மட்டும் வெட்டிடுங்க" என்றார். அவர்தான் தனராஜ் சார். நாகர்கோவில் பக்கம். மலையடிவாரக் காடுகளிலும் தோட்டங்களிலும் என்னென்ன வௌவால் இருக்கிறது என்று கணக்கெடுக்க வந்திருந்தார்.

பத்து நாள் கழித்து ஒரு கிழிந்த வலையோடு வந்தார். தலைமயிரை விட மெல்லிய நூல். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்தான் வலை என்றே தெரியும். அதை நான் தைத்துக் கொடுத்த இடத்தை அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. "காட்டுக்கு வருவீங்களா? அங்கேயே கிழியுது, அங்கேயே தைக்க ஆள் வேணும்" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் கொச்சிக்குக் காய்கறி லாரி ஓட்டியவர். "போயிட்டு வா. ஆனா விருந்தாளி யாரையும் பையில போட்டுக் கூட்டிட்டு வந்துராத" என்றார். இப்படித்தான் நாற்பத்து மூன்று வயதில் நான் அரசாங்க ஜீப்பில் ஏறினேன்.

முதல் ஆறு மாதத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உசிலை மரமும் வெள்வேலும் நிற்கிற காட்டில் ஓடை எங்கே வற்றாமல் கிடக்கிறதோ அங்கே வலை கட்ட வேண்டும். கோடையில் எல்லா வௌவாலும் தண்ணீர் குடிக்க அங்கேதான் வரும். பறந்தபடியே தாழ வந்து, வாயால் ஒரு கோடு கிழித்தாற்போல் தண்ணீரை அள்ளிக்கொண்டு போகும். அந்தி மயங்கும் நேரம் வலையை விரித்தால் இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

வலையிலிருந்து வௌவாலை எடுப்பதுதான் வேலையிலேயே பெரிய வேலை. முதலில் அது எந்தப் பக்கமிருந்து வந்து விழுந்தது என்று பார்க்க வேண்டும். வந்த வழியாகத்தான் எடுக்க முடியும். இடது கையில் தோல் உறை, வலது கை வெறுங்கை. கால்களை முதலில் விடுவிக்க வேண்டும், ஏனென்றால் கால் ஒரு நூலைப் பற்றிக்கொண்டால் விடவே விடாது. அப்புறம் ஒரு இறக்கை, அப்புறம் மறு இறக்கை, தலை கடைசி. இறக்கையை ஒரு நாளும் இழுக்கக் கூடாது. முழங்கையை மெல்ல அழுத்தினால் தானாக மடங்கும். பையில் போட்டு எடை பார்த்து, முன்கை நீளத்தை வெர்னியர் அளவுகோலில் அளந்து, இறக்கையை டார்ச் வெளிச்சத்துக்கு எதிரே விரித்து விரல் மூட்டைப் பார்க்க வேண்டும். மூட்டில் வெளிச்சம் ஊடுருவினால் குட்டி. ஊடுருவாமல் முண்டாக இருந்தால் வளர்ந்தது. எல்லாம் ஐந்து நிமிடத்துக்குள். அதற்கு மேல் வைத்திருந்தால் சார் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் ஒரே அடையாளம், பேச்சு வழக்கு போய்ச் செந்தமிழ் வந்துவிடும். ஒரு முறை வலையை ஈரத்தோடு சுருட்டி வைத்துவிட்டேன். மறுநாள் பெட்டியைத் திறந்தவர், "இவ்வலையினை நனைந்த நிலையில் சுருட்டி வைத்தவர் யாரென்று அறியலாமா?" என்றார். நான் நாடக வசனம் பேசுகிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். ஜீப் டிரைவர் என் காலை மிதித்தார். அதிலிருந்து "அறியலாமா" என்று கேட்டால் நாங்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவோம்.

முதல் கடி வாங்கியது கோம்பைக்கு மேற்கே காட்டில். வலது கைச் சுண்டுவிரலில் இரண்டு பொட்டு ரத்தம். நான் சேலையில் துடைத்துக்கொண்டு அடுத்த வௌவாலுக்குப் போனேன். சார் வலையை அப்படியே சுருட்டச் சொல்லி, சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வைத்து, ஜீப்பை ஆஸ்பத்திரிக்கு விட்டார். சீட்டு எழுதுகிறவர் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"என்ன கடிச்சுச்சு? நாயா, பூனையா?"

"வவ்வாலுய்யா."

பேனா நின்றுவிட்டது. "எங்கன கடிச்சுச்சு?"

"கோம்பைக் காட்டுல."

"ஒடம்புல எங்கனம்மா?" என்றார் அவர். விரலைக் காட்டினேன். என்னை, சாரை, எங்கள் சேற்றுக் கால்களை எல்லாம் பார்த்துவிட்டு, "ஏம்மா, வவ்வா ஒங்களத் தேடி வந்து கடிச்சுச்சா, நீங்க தேடிப் போயிக் கடி வாங்குனீகளா?" என்று கேட்டார். ஊசி போட்டுக்கொண்டேன். அந்த வாரத்திலிருந்து தடுப்பூசி போடாத யாரையும் சார் ஜீப்பில் ஏற்றியதில்லை. அதிகாரிகள் வந்தாலும் அதே சட்டம்தான். இப்போது படிக்கிற பிள்ளைகளும் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வௌவால் நல்ல பிராணி. வெறுங்கையால் தொடுகிற பிராணி இல்லை.

சந்தோஷமான நாள் எதுவென்று கேட்டால் தேவதானப்பட்டிப் பக்கம் ஒரு வாழைத் தோட்டத்தில் கழிந்த நாளைச் சொல்வேன். ஊரில் ஒருவர், காய்ந்த வாழைச் சருகுக்குள் செம்மஞ்சள் பூச்சி ஒன்று தூங்குகிறது, பறந்தால் பட்டாம்பூச்சி மாதிரி இருக்கிறது என்று டீக்கடையில் சொன்னதை டிரைவர் கேட்டு வந்து சொன்னார். சார் அன்று காலைச் சாப்பாடு சாப்பிடவில்லை. பட்டப்பகலில் மூன்று பேரும் மரம் மரமாகத் தொங்கும் சருகை விலக்கி விலக்கிப் பார்த்தோம். மதியத்துக்கு மேல் நான்தான் பார்த்தேன். சுருண்ட சருகுக்குள் என் கட்டைவிரல் அளவில் ஒரு வௌவால். உடம்பு செம்மஞ்சள். இறக்கையில் விரலோரமெல்லாம் செம்மஞ்சள், நடுவில் கறுப்பு. தைத்து முடித்த ரவிக்கைக்கு யாரோ வேண்டுமென்றே மாற்று நிறத்தில் ஓரம் வைத்தது போல இருந்தது. "சார்" என்றேன். வந்து பார்த்தார். பேச வாயைத் திறந்தார், பேச்சு வரவில்லை. செந்தமிழும் வரவில்லை. அளவெடுக்கவும் இல்லை. "தூங்கட்டும்" என்று மட்டும் கையைக் காட்டிவிட்டு, வரப்பில் போய் உட்கார்ந்து, வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாயந்திரம் கடைத்தெருவில் ஜீப்பை நிறுத்தி எங்களுக்கும் தோட்டக்காரருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார்.

இதையெல்லாம் நான் எப்போதும் சிரித்துக்கொண்டே சொல்வேன். அடுத்ததைச் சொல்லக் கொஞ்சம் தயக்கம் உண்டு.

என் அண்ணன் பொன்னுச்சாமிக்குக் கோம்பையில் பன்னீர் திராட்சைப் பந்தல். மலையடிவாரத்தில் முதல் பந்தல் அவருடையதுதான். அதற்கு மேலே காடு. காட்டில் அரை மணி நேரம் ஏறினால் ஒரு பாறைக் குகை. எங்கள் பக்கம் குகையைப் புடவு என்போம். வெளிக்கூடத்தில் பழந்தின்னி வௌவால்கள், உள்ளறையில் பூச்சி தின்னும் சின்ன வௌவால்கள். நாங்கள் வருடா வருடம் போய் எண்ணும் இடம்.

2003-ல் மழை பொய்த்தது. காட்டில் அத்தி காய்க்கவில்லை, நாவல் இல்லை. முந்திய அறுவடையிலேயே பழந்தின்னிகள் பந்தலுக்கு இறங்கியிருந்தன. ஒரு கொத்தில் நாலு பழத்தைக் கடித்தால் போதும், சாறு வழிந்து, ஈ மொய்த்து, மூன்றாம் நாள் கொத்தே அழுகிவிடும். ஒரு நாள் நான் அண்ணன் வீட்டுக்குப் போனபோது முற்றத்தில் பழைய டயர்கள் அடுக்கியிருந்தன. பக்கத்தில் ஒரு சாக்கு மிளகாய் வற்றல், வரட்டி.

"என்னண்ணே இது?"

"பொடவு வாசல்ல வச்சுக் கொளுத்தப் போறோம். பகல்ல எல்லாம் உள்ளதான இருக்கும்."

அது குட்டி போடும் காலம். தாய்கள் குட்டியை மார்பில் ஒட்டிக்கொண்டு தொங்குகிற நேரம். "அண்ணே, குட்டி வச்சிருக்குண்ணே" என்றேன்.

"ஆத்தா, ஒனக்கு அது வேல. எனக்கு இது வயித்துப்பாடு" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை.

சட்டத்தைக் காட்டவும் வழியில்லை. அப்போது பழந்தின்னி வௌவாலும் எலியும் காகமும் சட்டத்தில் ஒரே பட்டியல், தொல்லை தரும் பிராணிகள் என்று. மறுநாள் சார் வந்தார். திராட்சை தரம் பிரிக்கும் கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு பந்தல்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"பதினஞ்சு நாள் குடுங்க. புடவுக்குள்ள விரிப்பு விரிச்சு, விழுகிற எச்சத்தையும் சக்கையையும் பிரிச்சுப் பார்த்து, அதுங்க என்ன தின்னுதுன்னு சொல்றோம்" என்றார் சார்.

ஒருவர் சிரித்தார். "திங்கலைன்னு எழுதிட்டு வருவீக. ஒங்க கை, ஒங்க பேப்பரு."

"தின்னா, தின்னுதுன்னுதான் சொல்லுவேன்."

அண்ணன்தான் எழுந்தார். "என் தங்கச்சி எண்ணட்டும். அவ பொய் சொல்ல மாட்டா. பதினஞ்சு நாள் பொறுப்போம்."

பன்னிரண்டு வெள்ளை விரிப்புகள். ஒன்றிலிருந்து ஒன்பது வரை வெளிக்கூடத்தில், பத்து, பதினொன்று, பன்னிரண்டு உள்ளறையில். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு தினமும் காலையில் நான் ஏறுவேன். ஒவ்வொரு விரிப்பில் விழுந்ததையும் தனித் தாளில் மடித்து, எண் போட்டு, பழைய விரிப்பை எடுத்துவிட்டுப் புதிதை விரித்து, நாலு மூலையிலும் கல் வைப்பேன். கீழே இறங்கி, மதினி கொடுக்கும் காப்பியைக் குடித்துவிட்டு, அவர்கள் வீட்டுப் பின்பக்கம் உட்கார்ந்து ஊசியால் பிரிப்பேன். வேப்பங்கொட்டை, ஈச்சம்பழக் கொட்டை, கொய்யா விதை எல்லாம் தனித்தனிக் கிண்ணத்தில். மதினியும் சில நாள் பக்கத்தில் உட்கார்ந்து, "இது வேப்பங்கொட்டையில்ல" என்று எடுத்துப் போடுவார். முதல் பத்து நாளும் திராட்சைத் தோல் அங்கொன்றும் இங்கொன்றும்தான். எனக்குச் சந்தோஷம். நோட்டில் எண்ணை எழுதும்போதே ஒரு துள்ளல்.

பத்தாம் நாளுக்கு மேல் அண்ணன் பந்தலில் பழம் முழுதாக நிறம் ஏறியது. பதினொன்றாம் நாள் காலையில் ஒன்பதாம் எண் விரிப்பைப் பார்த்து நின்றுவிட்டேன். அது வெளிக்கூடத்தின் கடைசியில் சுவரோர முக்கில், தாய் வௌவால்கள் கூட்டமாகத் தொங்கும் இடத்துக்கு நேர் கீழே கிடக்கும். அதன் மேல் கருநீலத் தோலும் கொட்டையும் கையால் அள்ளுகிற அளவு. எல்லாம் பன்னீர் திராட்சை. நிமிர்ந்து பார்த்தேன். குட்டிகளை இறக்கையால் மூடியபடி அவையும் என்னைப் பார்த்தன.

நான் செய்ததை மறைக்காமல் சொல்கிறேன். அந்த விரிப்பைச் சுருட்டி எடுத்துப்போய் ஓடைப் பள்ளத்தில் உதறினேன். நோட்டில் "ஒன்பது: காற்றில் பறந்துவிட்டது" என்று எழுதினேன். மறுநாளும் அதே. அதே எழுத்து. அன்று மதினி கொடுத்த காப்பியைக் குடிக்கவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

பதின்மூன்றாம் நாள் சார் வந்தார். என்னோடு மேலே ஏறினார். புடவு வாசலில் ஒரு பாறையில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினார். பிறகு எழுந்துபோய் ஒவ்வொரு விரிப்பாகப் பார்த்தார். ஒன்பதின் பக்கத்தில் குனிந்து, பையிலிருந்து ஒரு காகிதத்தைக் கிழித்து அதன் மேல் போட்டார். காகிதம் அசையவில்லை.

"வாசல்ல இருக்கிற ஒண்ணாம் நம்பர் பறக்கலை. இந்த முக்குல இருக்கிறது மட்டும் ரெண்டு நாள் பறந்திருக்கு" என்றார்.

அவர் காத்திருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்தும் அவர் நோட்டையே பார்த்துக்கொண்டிருக்க, "சார், செந்தமிழ்ல திட்டிருங்க சார்" என்றேன்.

அவர் முகத்தில் ஒரு கணம் சிரிப்பு வந்து போனது. "திட்டுறதுக்கு ஒண்ணுமில்லை ராமுத்தாய். நானும் இந்த வௌவால் பிழைக்கணும்னுதான் நினைக்கிறேன். ஆனா உங்க அண்ணன் பதினஞ்சு நாள் குடுத்தது என்னை நம்பி இல்லை. உங்களை நம்பி."

நான் அழி ரப்பரை எடுத்தேன். "அழிக்காதீங்க" என்றார். "எழுதினது தெரியிற மாதிரி ஒரு கோடு போடுங்க. பக்கத்துல நடந்ததை எழுதுங்க."

எழுதினேன். "காற்று அல்ல. நிறையத் திராட்சைத் தோல் கிடந்தது. நான் எடுத்துப் போய் எறிந்தேன். ராமுத்தாய்." பென்சில் முனை இரண்டு முறை ஒடிந்தது.

பதினைந்தாம் நாள் முற்பகலில் அதே கொட்டகை. கிண்ணங்களையும் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியையும் மேசை மேல் வைத்தோம். சார் நோட்டை என்னிடம் தந்து வாசிக்கச் சொன்னார். முதல் நாளிலிருந்து வாசித்தேன். பதினொன்றாம் நாள் வந்தது. கோடு போட்டதையும் வாசித்தேன், பக்கத்தில் எழுதியதையும் வாசித்தேன். அண்ணன் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "கடைசி அஞ்சு நாளா அது திராட்சைதாண்ணே திங்குது. ஒங்க பந்தல்தான்" என்று முடித்தேன்.

பிறகு அண்ணன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"ஏலே, பாத்தீகளாலே! கூடப் பொறந்தவ வவ்வா கட்சியில சேந்து, இப்ப அதையும் காட்டிக் குடுத்துட்டா!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. முதல் கூட்டத்தில் "ஒங்க பேப்பரு" என்றவர் எழுந்து மேசைக்கு வந்தார். பத்து, பதினொன்று, பன்னிரண்டு எண் போட்ட கிண்ணங்களைக் காட்டி, "இது என்னது, மினுமினுன்னு?" என்று கேட்டார். உள்ளறைச் சின்ன வௌவால்களின் எச்சம். சார் கண்ணாடியை அவர் கையில் கொடுத்தார். பார்த்தவர் அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இது நம்ம தோட்டத்து வண்டு றெக்கையில்ல? பொழுது சாஞ்சா வந்து எலையச் சல்லடையாக்கிட்டுப் போகுமே, அதான? நான் வாரா வாரம் மருந்தடிக்கிறதே இதுக்குத்தானப்பா!"

"அதே வண்டுதான்" என்றார் சார்.

"எம்புட்டுத் திங்கும் சார்? ஒரு நாளைக்கு எம்புட்டு வண்டு?"

"தெரியாது. இன்னும் எண்ணலை."

அண்ணன் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "தெரியாதுன்னு சொல்றாக. கூடுதலா ஒண்ணச் சொல்லியிருந்தா நாம நம்பித்தான் தீரணும். சொல்லலையே."

ஆனால் டயர் இன்னும் முற்றத்தில்தான் இருந்தது. புடவு வாசலில் தீ வைத்தால் பழம் தின்பதும் சாகும், வண்டு தின்பதும் சாகும். வைக்காவிட்டால் இந்த வருடப் பழம் போகும். ஒரு மணி நேரம் பேசியும் வழி தெரியவில்லை. டீ கொண்டுவந்த மதினி, கதவோரம் நின்றபடியே கேட்டார்:

"அது மேல இருந்து வருதா, பக்கத்துல இருந்து வருதா?"

சார் நிமிர்ந்தார். "பந்தல் மேல இலை மூடியிருக்கு. பக்கவாட்டுல காட்டுப் பக்கம் இருந்து தாழ்வா உள்ளே வரும். கடி பட்ட கொத்தும் அந்த ஓரத்துலதான் இருக்கு."

"அப்ப அந்த ஓரத்துல மட்டும் பழைய சீலையக் கட்டிவிட்டா என்ன? பழம் வெட்டுற வரைக்கும் பத்து நாளுதான?"

பன்னிரண்டு ஆண்களும் நானும் சாரும் பதினைந்து நாளாக யோசிக்காத ஒன்று. அன்று மாலைக்குள் தெருவில் இருந்த பழைய சேலையெல்லாம் சேர்ந்துவிட்டது. நான் நீளவாக்கில் இணைத்துத் தைத்தேன். காட்டுப் பக்கத்து ஓரம் முழுக்கப் பந்தலிலிருந்து தரை வரை சிவப்பும் பச்சையும் ஊதாவுமாகத் தொங்கவிட்டோம். பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்டார்கள்.

முழுக்க நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். அங்கங்கே கடித்த கொத்து இருந்தது. ஆனால் முந்திய அறுவடை போல இல்லை. பழம் பெட்டி பெட்டியாக லாரி ஏறியது. மிளகாய் வற்றல் குழம்புக்குப் போனது. டயரைக் கொண்டுபோய் அண்ணன் ஓடைக்கரையில் மண் சரியாமல் இருக்க அடுக்கினார். அடுத்த வருடம் மழை பெய்து அத்தி காய்த்தபோது பந்தலுக்கு வந்த வௌவால் மிகவும் குறைவு. சேலை கட்டுவதை மட்டும் மற்ற பந்தல்காரர்களும் விடவில்லை.

சாரிடம் அப்புறம் ஒரு நாள் கேட்டேன், நான் ஒத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று. "பதினஞ்சாம் நாள் நானே எழுந்து சொல்லியிருப்பேன். அதுக்கப்புறம் உங்களைத் தையல் கடைக்குத் திருப்பி அனுப்பியிருப்பேன்" என்றார். ஒரு நிமிடம் விட்டு, "பை மட்டும் உங்ககிட்டயே வாங்கியிருப்பேன்" என்றார். அவர் அப்படித்தான். அவர் போட்ட கோட்டைத் தாண்ட முடியாது, ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்க இடம் தாராளமாக இருக்கும்.

2010-ல் நான் ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள், கேசரி கொடுத்தார்கள். மறுநாள் விடிந்தும் விடியாமலும் செல்போன் அடித்தது. அண்ணன்.

"ஆத்தா, தண்ணித் தொட்டியில ஒண்ணு விழுந்து நீந்துது. பழந்தின்னிதான், வண்டு திங்கிறதுக்கு இருக்குற மாதிரி மூக்குல எலை இல்ல. என்ன செய்ய?"

"வெறுங்கையால தொட்றாதீக. ஒரு குச்சிய நீட்டுங்க, பத்திக்கிரும். அப்படியே தூக்கித் துண்டுல சுத்துங்க."

போனைக் கீழே வைத்த சத்தம், தண்ணீர்ச் சத்தம், மதினியின் அதட்டல் எல்லாம் கேட்டன. திரும்ப வந்தார். "சுத்திட்டேன். நடுங்குது. தரையில விடவா?"

"தரையில விட்டா அதால எந்திரிச்சுப் பறக்க முடியாதுண்ணே. மரத்துல, கைக்கு எட்டுற ஒசரத்துல பத்த வைங்க. தானா மேல ஏறும். காயட்டும். வெயில் படாம பாத்துக்கங்க."

"இரு, இரு. ஏறுது... வேம்புல ஏறுது..." அப்புறம் நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கடைசியில் மதினியின் குரல் வந்தது.

"அது எப்பவோ பறந்து போச்சு ராமுத்தாயி. ஒங்க அண்ணன்தான் இன்னும் அண்ணாந்து பாத்துக்கிட்டே நிக்கிறாக. காப்பி ஆறுது, நீயாவது உள்ள வரச் சொல்லு."